மலையும் ஏரியும் உள்ள குவில்ட்: எவ்வளவு வரைவது, எவ்வளவைத் தையலுக்கு விடுவது?

பச்சைநூல்

அனைவருக்கும் வணக்கம். இதுவரை சதுரமும் முக்கோணமுமாகத் துணி வெட்டி இணைத்துப் போர்வை தைத்து வந்தவள் நான். இப்போது சுவரில் மாட்டுவதற்கு ஒரு நிலக்காட்சி குவில்ட் செய்ய ஆசை வந்திருக்கிறது. அகலம் 90 சென்டிமீட்டர், உயரம் 60. துண்டுகளை ஒட்டாமல், ஒரே வெள்ளைப் பருத்தித் துணியில் முழுக் காட்சியையும் வரைந்து, கீழே பஞ்சு அடுக்கும் அடித்துணியும் வைத்துத் தைக்கலாம் என்று நினைக்கிறேன்.

கையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மலைகள், நடுவில் ஏரி, கரையில் நாணல், வலப்பக்கம் தண்ணீரை நோக்கிச் சாய்ந்த ஒரு மரம். காலை வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. சிறிய துணியில் இதை வரைந்து பார்த்தேன். மூன்று மலைகளும் ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. நாணலை ஒவ்வொரு தண்டாக மெல்லிய தூரிகையால் வரைந்த இடம் விறைத்துவிட்டது. ஊசி இறங்கும்போது சத்தம் கேட்கிறது, நூலும் அடிக்கடி அறுகிறது.

துணிக்கான பெயின்ட் நல்லதா, சாயம் நல்லதா? தைப்பதற்கு முன்பே ஓவியத்தை முடித்துவிட வேண்டுமா? மலைகளைப் பின்னுக்குத் தள்ள என்ன வழி? ஓவியப் பயிற்சி எனக்குக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

சாயத்தொட்டி

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றவற்றுக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

பெயின்ட் என்பது நிறத்துகளும் அதைத் துணியில் பிடித்துவைக்கும் பசையும் சேர்ந்தது. அது நூலிழையின் மேல் படிகிறது. அதனால்தான் துணி விறைக்கிறது. பருத்திக்கான வினைபுரியும் சாயம் அப்படியல்ல. இழையோடு வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்கிறது. 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வகை இது. எவ்வளவு அடர்த்தியாகப் பூசினாலும், அலசிக் காயவைத்த பிறகு துணி பழைய மென்மையோடு இருக்கும். தூரிகையால் வரைவதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பொடியைக் கரைத்துச் சாயத்தைக் கூழாக்கிக்கொள்ள வேண்டும். பிணைப்புக்கு உதவும் சோடா ஆஷ் என்ற காரத்தின் கரைசலில் நனைத்துக் காயவைத்த துணியில் வரைந்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஓர் இரவு முழுக்க ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசல். சாயப்பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். பாலியெஸ்டர் கலந்த துணியில் இந்தச் சாயம் சரியாகப் பிடிக்காது.

பிடித்த நிறத்தை அழிப்பது கடினம், ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் இருக்காது. அமெரிக்கக் கலைஞர் ஹோலிஸ் சாட்லெய்ன் இப்படிக் கூழாக்கிய சாயத்தால் வரைந்த குவில்ட்களைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும். ஆனால் முதல் நிலக்காட்சிக்கு நீங்கள் பெயின்டிலேயே இருங்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே நிறம் நிலைத்துவிடும், அலசும் வேலை இல்லை.

கறுப்புநூல்

பச்சைநூல், உங்கள் துண்டுத் துணி ஏன் விறைத்தது என்பதும் மலைகள் ஏன் வரிசையில் நிற்கின்றன என்பதும் ஒரே கேள்விதான். நீங்கள் ஓர் ஓவியத்தை முழுமையாக முடித்துவிட்டு, அதன்மேல் தையல் போடப் பார்க்கிறீர்கள். முடிந்த ஓவியத்தில் தையலுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். குவில்ட்டுக்கான ஓவியம் பாதியில் நின்ற ஓவியமாக இருக்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டினால் "இன்னும் முடியவில்லையா?" என்று யாராவது கேட்க வேண்டும். அந்த அளவில் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள்.

முதலில் புகைப்படம். அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும். வெளிச்சமும் இருட்டும்தான் காட்சியைத் தாங்குகின்றன. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, படத்தை மிக வெளிறியது, வெளிறியது, நடுத்தரம், கருமை என்று நான்கைந்து பகுதிகளாக மட்டும் பிரித்து, உள்ளங்கையளவு தாளில் பென்சிலால் நிரப்புங்கள். அந்தச் சின்னத் தாளிலேயே மலை, ஏரி, மரம் பிரிந்து தெரிந்தால் பெரிதாக்கலாம். தெரியாவிட்டால் எந்த நிறமும் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. அழகான நிறங்களை வாங்கிக் குவிப்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. அது என்ன வெறுப்போ!

புகைப்படத்துக்கு நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல. ஏரியுள்ள படங்களில் தொடுவானம் பெரும்பாலும் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். வானம் முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று முடிவு செய்து அதை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். உங்களிடம் நாணலும் மரமும் இருப்பதால் நான் தொடுவானத்தை மேலே தூக்கித் தண்ணீருக்கு இடம் கொடுப்பேன். மூன்று மலைகளின் உச்சிகளும் ஒரே உயரத்தில் இருந்தால் ஒன்றைத் தாழ்த்துங்கள். மிக இருண்டதும் மிக வெளிச்சமானதும் சந்திக்கும் இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும். அந்த இடம் மரத்தண்டும் அதன் பின்னால் மின்னும் தண்ணீருமாக இருக்கட்டும்.

பிறகு கட்டம் போட்டு முழு அளவுத் தாளுக்குப் பெரிதாக்கி, விளிம்புகளை மட்டும் தடித்த கறுப்பு மார்க்கரால் இழுங்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே வைத்தால் கோடு தெரியும், தெரியாவிட்டால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் படியெடுக்கலாம். துணியில் குறிக்க மெல்லிய பென்சில் கோடு போதும், தையல் அதை மூடிவிடும். தண்ணீரில் அழியும் நீலப் பேனா இங்கே உதவாது. முதல் ஈரத் தூரிகையிலேயே கரைந்துவிடும். சூட்டில் மறையும் பேனா அதைவிட மோசம், கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்ப வரக்கூடியது.

இனி மலைகள். நமக்கும் மலைக்கும் நடுவே காற்று இருக்கிறது. தூரம் கூடக்கூட அந்தக் காற்று சிதறடிக்கும் நீல வெளிச்சம் காட்சியின்மேல் படர்கிறது. முதலில் பாதிக்கப்படுவது நிழல்: கருமை குறைந்து நீலமாகிறது. மஞ்சளும் சிவப்பும் மங்கிப்போகின்றன. விளிம்பு மென்மையாகிறது, உள்விவரம் மறைகிறது. ஓவியர் லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்த சங்கதிதான் இது. கடை மலைக்கு வானத்து நீலத்தைவிட ஒரு படி மட்டும் அழுத்தமான கலவை, நிறையத் தண்ணீரோடு. நடு மலைக்கு அதே கலவையில் கொஞ்சம் பச்சையும் துளி சிவப்பும். முன்மலைக்கு அதே கலவையில் இன்னும் கொஞ்சம். மூன்று கிண்ணங்களில் மூன்று வெவ்வேறு நிறம் கலக்காதீர்கள்; ஒன்றிலிருந்து ஒன்று பிறக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று: ஒவ்வொரு மலையும் உச்சியில் அழுத்தமாகவும் அடிவாரத்தில் வெளிறியும் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்மலையின் அழுத்தமான உச்சி, பின்மலையின் வெளிறிய அடிவாரத்துக்கு எதிரே துலங்கும். உச்சிக்கோட்டை உலர்ந்த துணியில் கூர்மையாக இழுத்துவிட்டு, உடனே சுத்தமான ஈரத் தூரிகையால் கீழ்ப்பகுதியை நனையுங்கள். நிறம் தானே இறங்கி மங்கி மறையும். ஒரு மலை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்.

வானத்துக்கு மட்டும் அந்தப் பகுதித் துணியை முழுக்க நனைத்துக்கொள்ளலாம். மேலே ஆழ்ந்த நீலம், கீழே வர வர வெளிறல், தொடுவானத்தருகே இளமஞ்சளின் ஒரு சாயல். துணிக்கு அடியில் விரித்த பிளாஸ்டிக்கில் சுருக்கம் இருக்கக் கூடாது. காயும்போது நிறம் எங்கே முதலில் உலர்கிறதோ அங்கே ஓடும். அடியில் சுருக்கம் இருந்தால் அதே வடிவில் கோடு விழும். மேகத்தின் அடிவயிறு வேண்டும் என்றால் சிலர் வேண்டுமென்றே சுருக்கி வைப்பார்கள், அது வேறு கதை. காய்ந்தால் நிறம் ஒரு படி வெளிறும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் மிகையாகத் தெரிவதே சரி.

பெயின்டைத் தண்ணீர்விட்டுக் கண்ணாடிபோல் மெல்லியதாகப் பூசுங்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் துணியையே விட்டுவிடுங்கள். வெள்ளைப் பெயின்ட்தான் துணியை அட்டையாக்கும் முதல் குற்றவாளி. ஓவியர்களுக்கான சாதாரண அக்ரிலிக்தான் கையில் இருக்கிறது என்றால், துணியில் வரையும்போது பெயின்டோடு கலப்பதற்கென்று விற்கும் திரவத்தை (ஃபேப்ரிக் மீடியம்) கலந்தே பயன்படுத்துங்கள். பச்சையைக் குப்பியிலிருந்து அப்படியே எடுக்காமல் நீலமும் மஞ்சளும் கலந்து துளி சிவப்பால் அடக்குங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். (என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கறுப்பு நூல் வேறு, கறுப்புப் பெயின்ட் வேறு.)

நாணலை வரையவே வரையாதீர்கள். அங்கே அழுக்குப் பச்சையும் பழுப்புமாக ஒரு மங்கல் பட்டை மட்டும் இருக்கட்டும். மரக்கிளை நுனி, புல், பட்டை வெடிப்பு, நீர்க்கோடு எல்லாம் நூலின் வேலை. நூல் மேலே நிற்கும் பொருள், வெளிச்சத்தில் தானே மின்னும், பக்கத்தில் தன் நிழலையும் போடும். அதைத் தூரிகையால் முன்கூட்டியே வரைந்துவிட்டு மேலே நூலை ஓட்டினால், கண்ணுக்கு மை தீட்டிய பிறகு மறுபடி பேனாவால் கோடு போட்டது போலிருக்கும்.

தையலிலும் அதே தூரக் கணக்கு உண்டு. தையல் விழுந்த கோடு பள்ளமாகி இருளும். இரண்டு கோடுகளுக்கு நடுவே பஞ்சு உப்பி வெளிச்சத்தைப் பிடிக்கும். எனவே நெருக்கித் தைத்த இடம் பின்வாங்கும், தளர்வாகத் தைத்த இடம் முன்னால் வரும். கடை மலையும் வானமும் 100ஆம் எண் நூலால் நெருக்கமாக, துணியின் நிறத்திலேயே. (நூலில் எண் கூடக்கூட இழை மெலியும்.) முன்னாலுள்ள மரத்துக்கும் நாணலுக்கும் 40ஆம் எண் நூல், இரண்டு மூன்று நிறம் மாற்றி. தண்ணீருக்குப் படுக்கைக் கோடுகள்: தொலைவில் நெருங்கியும் கரையை நோக்கி வர வர விலகியும் இருக்கட்டும். மலையில் கோடு சரிவின் போக்கிலேயே இறங்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: ஓரிடத்தில் இழைத்து இழைத்துத் தைத்துவிட்டு இன்னோரிடத்தை வெறுமையாக விட்டால் துணி அலையடிக்கும். வேறுபாடு தெரியவேண்டும், ஆனால் மிதமாக.

பஞ்சுமேகம்

கறுப்புநூல் அக்கா சொன்னதில் பெரும்பகுதிக்கு நான் தலையாட்டுகிறேன். ஆனால் வண்ணம் முதலில், தையல் பிறகு என்ற வரிசையை ஏன் கேள்வியில்லாமல் ஏற்க வேண்டும்? நான் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் முழுவதையும் தைத்துவிட்டுப் பிறகுதான் வண்ணம் தீட்டுகிறேன். பள்ளமும் மேடும் ஏற்கெனவே இருப்பதால் எங்கே நிழல் என்று துணியே காட்டிக்கொடுக்கும். ஊசி துளைக்கும்போது பெயின்ட் படலம் கிழியும் தொல்லையும் இல்லை. ஈரம் பட்டால் மையாகக் கரையும் வண்ணப் பென்சிலும் அக்கா சொன்ன அந்தத் துணிக்கான திரவமும் போதும். ஓவியப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இந்த வழி எளிது என்பது என் எண்ணம்.

கறுப்புநூல்

பூவும் இலையும் வரைவதற்கு உங்கள் வழி மிக நல்லது. தையல் கோடே வரப்பாக நின்று நிறத்தைத் தடுக்கும். வானத்துக்கு அது எப்படி உதவும்? மேலிருந்து கீழே ஒரே மூச்சில் கரைய வேண்டிய நிறத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். அடியில் பஞ்சு இருந்தால் அது அத்தனையையும் குடித்துவிட்டு, எங்கே நினைக்கவில்லையோ அங்கே கக்கும். நூலும் பாலியெஸ்டர் என்றால் நிறத்தைப் பருத்தியைப்போல் வாங்காமல் வெள்ளைக் கம்பியாகப் பளபளக்கும்.

ஆனால் உங்கள் வழியை அப்படியே தள்ளவும் மாட்டேன். நிறையத் தண்ணீர் கலந்து பூசும் பெரிய பரப்புகள் தைப்பதற்கு முன், சின்ன நிழல்கள் தைத்த பின். மரத்தண்டின் வலப்பக்க இருட்டு, நாணலின் அடித்தூர், கரையின் ஈர விளிம்பு இவற்றை எல்லாம் தைத்து முடித்தபின் பென்சிலால் அழுத்திக் கொடுத்தால் பள்ளங்கள் இன்னும் ஆழமாகும். தண்ணீரைக் குறைத்து, தூரிகையில் திரவத்தை மட்டும் தொட்டுச் செய்ய வேண்டும்.

பஞ்சுமேகம்

வானத்தைப் பற்றிச் சொன்னது சரிதான், நான் பெரும்பாலும் பூக்கள்தான் செய்கிறேன். பருத்தி நூலையே பயன்படுத்துகிறேன் என்பதால் அந்தப் பளபளப்புத் தொல்லை எனக்கு வந்ததில்லை.

பச்சைநூல்

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி அக்கா. கறுப்பு வெள்ளை அச்சு எடுத்துப் பார்த்தேன். நடு மலையும் முன்மலையும் ஒரே சாம்பல். அதாவது புகைப்படத்திலேயே அவை பிரியவில்லை. நல்லவேளை, பிரதியெடுக்கத் தொடங்கவில்லை.

இன்னும் சில ஐயங்கள். மரத்தின் பிரதிபலிப்பு தண்ணீரில் எந்தப் பக்கம் சாயும்? கடை மலையின் அடியில் படத்தில் ஒரு மெல்லிய மூடுபனி இருக்கிறது, அதையும் தண்ணீர்த் தூரிகையாலேயே கொண்டுவர முடியுமா? ஊசி சத்தம் போடுவதற்கு ஊசியை மாற்றினால் போதுமா? ஓரத்தைப் போர்வைபோல் பட்டி வைத்து முடிப்பதா?

கறுப்புநூல்

மரம் இடப்பக்கம் சாய்ந்தால் பிரதிபலிப்பும் இடப்பக்கமே சாயும், தலைகீழாக. கரைக்கோட்டில் தாளை மடித்துப் பார்த்தால் விளங்கிவிடும். பலர் எதிர்ப்பக்கம் சாய்த்து வரைந்துவிட்டு, என்னவோ தப்பாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருண்ட பொருளின் பிரதிபலிப்பு அதைவிடக் கொஞ்சம் வெளிறும், வெளிச்சமான பொருளினுடையது கொஞ்சம் இருளும். மரத்தைத் தண்ணீரில் செங்குத்தான தீற்றல்களாகப் பூசி, மேலே படுக்கையாகத் தையலை ஓட்டுங்கள். தூரிகை ஒரு திசை, ஊசி இன்னொரு திசை. தண்ணீர் அங்கேதான் பிறக்கிறது.

ஊசிக்கு 90/14 அளவில், பெரிய கண்ணுள்ள மேல்தையல் ஊசி வாங்குங்கள். நூல் உராயாமல் போகும். வண்ணம் பூசிய துணியில் பிரித்த தையலின் துளை அப்படியே நின்றுவிடும் என்பதால், அதே பெயின்ட் பூசிய மிச்சத் துணியில் நூலின் இழுவிசையைச் சரிபார்த்துக்கொண்டு உட்காருங்கள். தைப்பதற்கு முன் பெயின்டை நன்றாகக் காயவிட்டு, குப்பியில் சொன்ன நேரம்வரை பின்பக்கமிருந்து இஸ்திரி போட்டு நிறத்தை நிலைநிறுத்திவிடுங்கள்.

மூடுபனியைச் சாயத்தொட்டி சொல்லட்டும், அதில் கெட்டிக்காரர் அவர்தான்.

சாயத்தொட்டி

கெட்டிக்காரன் ஒன்றுமில்லை, மெல்லிய துணிகள்மேல் கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். தண்ணீர்த் தூரிகையால் அடிவாரத்தை மங்கவைத்தபின், அதன்மேல் ஊடே தெரியும் வெள்ளை ஆர்கன்சாத் துணியோ நுண்ணிய நெட் துணியோ ஓர் அடுக்கு வையுங்கள். கீழுள்ள கருமை ஒரு படி ஏறி வெளிறும். அதுதான் மூடுபனி. மேல்விளிம்பை நேராக வெட்டாமல் ஒழுங்கற்று வெட்டுங்கள், முடிந்தால் ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, விளிம்புகள் ஒரே இடத்தில் வராதபடி. ஒட்டுவதற்குப் பசைத்தாள் வேண்டாம், மெல்லிய துணியின் ஊடே அது தெரியும். தையலே பிடித்துக்கொள்ளும். இதே நெட் துணி கறுப்பில் இருந்தால், மரத்தடியில் நிழல் போடலாம், பெயின்டே தேவையில்லை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அருகில் கொண்டுபோகாதீர்கள், இந்தத் துணி நைலானாக இருந்தால் சுருண்டு உருகிவிடும். எனவே நிறத்தைச் சூட்டில் நிலைநிறுத்திய பிறகுதான் இந்த அடுக்கு.

கறுப்புநூல்

ஓரம் விட்டுப்போயிற்று. நிலக்காட்சிக்கு வெளியே தெரியும் பட்டி வைத்தால் ஜன்னல் சட்டம்போலக் காட்சியை அடைத்துவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. விளிம்பில் ஒரு துணிப்பட்டையை வைத்துத் தைத்து முழுவதுமாகப் பின்பக்கம் மடித்துவிட்டால், தண்ணீரும் மலையும் விளிம்புவரை ஓடும். தைக்கும்போது துணி சுருங்கும் என்பதால், தொடக்கத்திலேயே நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது கூடுதலாக விட்டு, அந்தப் பகுதியிலும் வண்ணத்தைத் தொடருங்கள். நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போங்கள். முடிந்ததும் லேசாக ஈரப்படுத்தி, தட்டையான பலகையில் குண்டூசிகளால் இழுத்துப் பொருத்திக் காயவிடுங்கள். அதன்பின்தான் மூலைமட்டத்தை வைத்து 90க்கு 60 என்று வெட்ட வேண்டும். மாட்டுவதற்குப் பின்பக்க மேல்விளிம்பில் கோல் நுழையும்படி ஒரு துணிக்குழாய், பத்து சென்டிமீட்டர் அகலத்தில். நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள்.

நடு மலையையும் முன்மலையையும் பிரித்த புதிய பென்சில் படத்தை இங்கே போடுங்கள். துணியை நனைப்பதற்கு முன்பு.